வளைவில் நிலைக்கும் வாகனம்

கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையின் கொண்டையூசி வளைவுகளை நேயர்கள் பலர் அறிவர். குடும்பத்தை ஏற்றிய பழைய காரொன்று அவ்வளைவுகளில் இறங்கும்போது ஒருபுறமாகச் சாய்வதும், வளைவைக் கடந்த பின்பும் தொட்டில்போல் ஆடுவதும் உண்டு. சாரதி எண்ணிய வழியில் அது செல்ல மறுக்கின்றது. கடினமான வில்லைப் பூட்டினால் இக்குறை தீரும் என்பது பலர் கருத்து. அது பாதி உண்மையே.

இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்ளலாம். 1948ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் அறிமுகமான இக்காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரிக் கார் ஒடுங்கியிருக்கக் கண்ட அவர், அதனை நெடுக்காக அறுப்பித்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தார். கார் அவ்வாறே அகலமாயிற்று. முன்மூடியின் நடுவிலுள்ள தட்டையான பட்டி இன்றும் அதற்குச் சான்று. சில்லுகள் அகன்று நின்றமையால் வளைவிலும் அது உறுதி பெற்றது.

இக்காரின் முன்புறத்தை முறுக்குத் தண்டுகளும் பின்புறத்தைத் தகட்டு விற்களும் தாங்குகின்றன. பாரத்தைத் தாங்குவது வில்லின் தொழில். அமுங்கிய வில் மீண்டும் துள்ளும். அத்துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபரின் தொழில். அதனுள்ளே எண்ணெய் சிறு துவாரங்களினூடாகத் தள்ளப்பட, துள்ளலின் விசை வெப்பமாக மாறி ஒடுங்குகின்றது. எண்ணெய் கசிந்து வற்றினால் சில்லு வீதியை விட்டெழும். வீதியைத் தொடாத ரயர் காரைத் திருப்பவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது. ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்திலேயே. குடும்பத்தின் உயிர் அந்த நான்கு உள்ளங்கைகளிலே தங்கியிருக்கின்றது.

ஆகவே, புதியதைப் பூட்டுமுன் பழையதைச் செப்பனிடல் வேண்டும். காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டால், அது எழுந்து உடனே அடங்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடுமாயின் ஷொக் அப்சோபர் தளர்ந்துவிட்டது என்பது தெளிவு. இறப்பர்ப் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும். மைனரின் முன் சில்லுகளைத் தாங்கும் புரியிட்ட மூட்டுகள் கிறீஸ் இன்றித் தேய்ந்தால், மூட்டுக் கழன்று சில்லு மடிந்துவிடும். தேய்ந்த மூட்டின்மேல் கடின வில்லைப் பூட்டுவது, உளுத்த தூணின்மேல் மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

செப்பனிட்ட பின்னரே மேம்பாடு. முதலாவது, நான்கு சில்லுகளுக்கும் நல்ல றேடியல் ரயர்கள். முன்னே றேடியலும் பின்னே பழைய வகையும் பூட்டினால், வளைவில் பின்புறம் வழுக்கக்கூடும். இரண்டாவது, நெம்புகோல் வகை ஷொக் அப்சோபருக்குப் பதிலாகக் குழாய் வகை. இங்கே ஒரு நுட்பம் உண்டு: மைனரின் முன்புறத்தில் பழைய ஷொக் அப்சோபரின் கையே சில்லைப் பிடிக்கும் மேற்கையுமாகும். எனவே, குழாய் வகையைச் சேர்த்த பின்பும் அதன் தாங்கிகள் தேய்வின்றி இருத்தல் வேண்டும். மூன்றாவது, சாய்வைக் குறைக்கும் குறுக்குத் தண்டு. முன்புறத்தில் அளவான தண்டு நன்மை தரும். பின்புறத்தை மிகவும் இறுக்கினால் மழையில் வால்புறம் வீசிவிடும்.

காரைத் தாழ்த்துவதும் வில்லைக் கடினமாக்குவதும் கடைசியிலேயே, அதுவும் சிறிதளவே. பந்தயத் திடல் சமமானது; மலைநாட்டுப் பாதை அத்தகையதன்று. மேடுபள்ளத்தில் இறுகிய வில் சில்லைத் துள்ளச் செய்யும். தாழ்ந்த கார் அடிப்புறம் உராயும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே செய்து, தெரிந்த வழியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததைத் தொடங்குவதே அறிவுடைமை.

திருத்திய கார் வளைவில் விரைந்து செல்வதற்கன்று. எதிரே திடீரெனப் பஸ் வண்டி தோன்றும் கணத்தில், சாரதியின் கை திருப்பிய வழியே செல்வதற்காகவே இத்தனை முயற்சியும். பின்னாசனத்திலே உறங்கும் குழந்தை வளைவு கடந்ததை அறியாது உறங்குமாயின், செய்த வேலை நன்றாயிற்று என்று கொள்ளலாம்.