அகத்தி இலையில் ஒரு கூடு



துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வேண்டும். அமாவாசையில் பசுவுக்குக் கொடுக்கவும் அகத்திதான். ஆவடியை அடுத்த சேக்காட்டுப் பக்கம் அந்த நாட்களில் கீரைக்காரரிடம் அகத்திக் கட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே இந்துக் கல்லூரி நிலையத்தைக் கடந்து மேற்கே போகும் ரயில் பாதை, அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்குப் போகிறது. வைரஸ் என்றால் என்ன என்ற கேள்விக்கு நம் பக்கத்திலிருந்து கிடைத்த மிகத் தெளிவான விடை ஒன்று, அந்தத் திருப்பதி வட்டாரத்து அகத்தி மரங்களில் இருந்தது.

அங்கே சில மரங்களின் இலைகள் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தன. அதற்குக் காரணமான வைரஸை 1980களில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் எம்.வி. நாயுடு குழுவினர் பிரித்தெடுத்தார்கள். செஸ்பேனியா மொசைக் வைரஸ் என்பது அதன் பெயர். கீரை உண்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. தாவரத்தைப் பிடிக்கும் இத்தகைய வைரஸ் மனித உடம்பில் பெருகாது.

பிறகு அந்த வைரஸ் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எம்.ஆர்.என். மூர்த்தி, எச்.எஸ். சாவித்திரி இருவரின் குழுக்களும் அதைக் கையில் எடுத்தன. மூர்த்தி பணியாற்றிய துறையை நிறுவியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் வடிவத்தை விளக்கிய ஜி.என். ராமச்சந்திரன். இலைச் சாற்றிலிருந்து வைரஸைப் பிரித்து, தூய்மையாக்கி, படிகமாக வளர்த்து, அதில் எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். 1995இல் 3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அதன் வடிவம் வெளியானது. ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பகுத்தால் கிடைப்பதுதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்.

உயிருள்ள பொருள் படிகமாகுமா? 1935இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி புகையிலை மொசைக் வைரஸைப் படிகமாக்கியபோதே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. புட்டியில் அசையாமல் கிடந்த பொருள், புகையிலைச் செடிக்குள் போனதும் பெருகியது. வைரஸுக்குச் சுவாசம் இல்லை, செரிமானம் இல்லை. செல்லுக்குள் நுழைந்தபின் அந்தச் செல்லின் கருவிகளை வைத்தே தன் நகல்களைச் செய்துகொள்கிறது. வெளியே இருக்கும்போது அது ஒரு மரபுச் செய்தியும் அதைக் காக்கும் கூடும் மட்டுமே.

அந்தக் கூடுதான் வியப்பு. அகத்தி வைரஸின் விட்டம் ஏறத்தாழ 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கும். உள்ளே மரபுச் செய்தியாக இருக்கும் ஆர்.என்.ஏ.வில் நாலாயிரத்து நூற்றுச் சொச்சம் எழுத்துகள்தான். கூட்டுக்கென்று விதவிதமான புரதங்களை எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. ஆகவே ஒரே புரதத்தைத் திரும்பத் திரும்பச் செய்து அடுக்குவதுதான் வழி. 1956இல் வாட்சன், கிரிக் என்ற அறிவியலாளர்கள் இதை ஊகித்தார்கள். 1962இல் காஸ்பர், குளுக் என்ற வேறு இருவர் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். கால்பந்தை நினைத்துக்கொள்ளலாம்: 12 ஐங்கோணம், 20 அறுகோணம். ஐங்கோணத்துக்கு ஐந்து, அறுகோணத்துக்கு ஆறு என்று புரதங்களை வைத்தால் மொத்தம் 180. அகத்தி வைரஸில் இருப்பது அதே 180.

ஒரே புரதம் ஓரிடத்தில் ஐந்தாகவும் இன்னோரிடத்தில் ஆறாகவும் சேர்வது எப்படி? புரதத்தின் முனையில் நீண்டிருக்கும் ஒரு கை, சில இடங்களில் ஒழுங்காக மடிந்து நிற்கிறது, மற்ற இடங்களில் தளர்ந்து கிடக்கிறது. பெங்களூரு குழுவினர் இந்தப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் தயாரித்தார்கள். செடியே இல்லாமல் அங்கும் 180 புரதங்கள் தாமாகக் கூடிக் கூடு கட்டின. பிறகு அந்த முனையில் 65 அமினோ அமிலங்களை வெட்டினார்கள். அறுகோணங்கள் மறைந்தன. ஐங்கோணங்கள் மட்டுமே கொண்ட, 60 புரதச் சிறு கூடு உருவானது. கட்டடத்தின் வரைபடம் அந்தச் சிறு முனையில் இருந்திருக்கிறது! இந்திய ஆய்வுக்கூடத்தில் நடந்த இந்தச் சோதனை நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது.

எல்லா வைரஸும் இந்த வடிவில் இல்லை. புகையிலை வைரஸ் 300 நானோமீட்டர் நீளக் கோல். அதில் 2,130 புரதங்கள் ஆர்.என்.ஏ.வைச் சுற்றித் திருகலாக ஏறுகின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் சிலவற்றுக்குத் தலையும் வாலும் உண்டு. கொரோனாவுக்கு வெளியே கொழுப்புப் படலம் உண்டு. அதைச் சோப்பு கரைத்துவிடும் என்பதால்தான் கை கழுவச் சொன்னார்கள். சேக்காட்டுக்குக் கிழக்கே அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2020இல் நாடு தழுவிய இரத்த மாதிரி ஆய்வுகளை முன்னின்று நடத்தியது அந்த வைரஸுக்காகத்தான்.

இந்த வைரஸ்கள் எங்கிருந்து வந்தன? அகத்தி வைரஸின் கூட்டுப் புரதம் மடிந்திருக்கும் விதம், பிள்ளைகளின் காலை முடக்கிய போலியோ வைரஸிலும் இருக்கிறது. 1985இல் போலியோவின் வடிவமும் சளி வைரஸ் ஒன்றின் வடிவமும் தெரியவந்தபோது, செடி வைரஸ்களோடு அவற்றுக்கு இருந்த ஒற்றுமை அறிவியலாளரைத் திகைக்கவைத்தது. மரத்துக்கும் மனிதனுக்கும் கிளை பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகியும் மடிப்பு மாறவில்லை.

தோற்றத்துக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. செல்லின் மரபணுத் துண்டுகள் தப்பிப்போய் வைரஸாயின என்பது ஒன்று. முழு உயிரிகள் ஒட்டுண்ணியாகித் தேய்ந்தன என்பது மற்றொன்று. மும்பை பவாய் ஏரி போன்ற நீர்நிலைகளில் கிடைத்த ராட்சத வைரஸ்களைக் காட்டி இதைச் சொல்பவர்கள் உண்டு. செல்லுக்கு முன்பே வைரஸ் இருந்தது என்பது மூன்றாவது. ஒன்றே எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டுமென்பதில்லை. ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி மிகப் பழைய காலத்தது என்றும், கூடு கட்டும் புரதங்கள் பிற்பாடு செல்களிடமிருந்தே பெறப்பட்டவை என்றும் இன்று பல ஆய்வாளர் வாதிடுகிறார்கள். அப்படியானால் ஒரே வைரஸின் உள்ளடக்கத்துக்கு ஒரு பூர்வீகம், கூட்டுக்கு இன்னொரு பூர்வீகம்.