தனியே ஒரு பரிசலில்

பங்காரப்பேட்டையிலிருந்து செல்லும் கிளை இருப்புப்பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. அங்கே பிறந்த எனக்கு ஏரி என்றால் பேத்தமங்கலம் ஏரிதான். நந்திமலைப் பக்கம் தோன்றும் பாலாற்றைத் தேக்கிய அந்நீரே தங்கவயலின் குழாய்களில் வந்தது.

சென்ற புரட்டாசியில் விடுப்பில் ஊர் சென்றபோது, மீனவர் ஒருவரிடம் பரிசலை இரவல் பெற்றுத் தனியே ஏரியில் இறங்கினேன். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பக்கவாட்டில் துடுப்பிட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். துடுப்பை முன்னே நீட்டி நீரை நம்பால் இழுத்தல் வேண்டும். இதனை அறிய எனக்கு அரைமணி நேரமாயிற்று. கரையிலிருந்த மீனவர் வாய்விட்டு நகைத்தார்.

என் தந்தையார் சுரங்கத் தொழிலாளி. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் வெக்கையில் வாரமெல்லாம் உழைத்துவிட்டு, ஓய்வுநாளில் இங்கு வந்து தூண்டிலிடுவார். ஒரு சொல்லும் பேசமாட்டார். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலையே இல்லாதவனுக்கு ஓய்வுநாள் ஏது என்று அவர் ஏரிப்பக்கம் வருவதையும் விட்டுவிட்டார்.

மண்புழுவைக் கோத்துக் காத்திருந்தேன். நண்பகலுக்குள் இரண்டு கெளுத்திகள் அகப்பட்டன. அவற்றைப் பிடிக்கும் முறையை அவர் சிறுவயதில் காட்டியிருந்தார். நான் மறந்தேன், முள் தைத்துவிட்டது. வீடு திரும்பியதும் வீங்கிய விரலை நெடுநேரம் பார்த்தார்.

“நாளைக்கும் போறியாப்பா?” என்று கேட்டவர், பரண்மேலிருந்த தம் பழைய தூண்டிற்கழியைத் தேடலானார்.