சொல் நிற்கும் இடம்



ஆங்கில இலக்கணத்தில் ஒரு சிறிய செய்தியை இன்று எடுத்துக்கொள்கிறோம். செய்தி சிறியதுதான், அதை அறியாமல் எழுதினால் வரும் தொல்லை பெரியது. பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோர்களும் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பாடத்தைத் தமிழிலேயே தொடங்குகிறோம்.

ஒரு சிறுவன் தன் கட்டுரையில், "கிழிந்த மாமாவின் சட்டையை அத்தை தைத்தார்" என்று எழுதுகிறான். கிழிந்தது எது? சட்டைதான். ஆனால் அவன் எழுதியபடி படித்தால் மாமா அல்லவா கிழிந்து நிற்கிறார்! "மாமாவின் கிழிந்த சட்டையை அத்தை தைத்தார்" என்று மாற்றினால் மாமா தப்பித்துக்கொள்கிறார். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. இடம்தான் மாறியது.

ஒன்றைப் பற்றி விளக்கம் தரும் சொல்லை அடை என்கிறோம். அடை தனக்கு உரியதன் அருகில் நிற்க வேண்டும். விலகி நின்றால், பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும்.

தமிழில் இந்தத் தவறு குறைவு. ஆங்கிலத்தில் ஏன் அதிகம்? நமக்கு வேற்றுமை உருபுகள் துணை செய்கின்றன. "மண்டோர் பையனுக்கு வாளியைக் கொடுத்தார்" என்றாலும், "வாளியைப் பையனுக்கு மண்டோர் கொடுத்தார்" என்றாலும் பொருள் ஒன்றே. 'கு'வும் 'ஐ'யும் காவல் நிற்கின்றன. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே சொல் நிற்கும் இடமே பொருளைச் சொல்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் "சிவப்புச் சட்டை" என்கிறோம். மலாயில் "பாஜு மேரா", அதாவது சட்டை முன்னே, சிவப்புப் பின்னே. ஆங்கிலத்தில் "ரெட் ஷர்ட்", நம்மைப் போலவே. ஆனால் அடை நீண்டுவிட்டால் ஆங்கிலம் அதைப் பின்னே தள்ளிவிடும். "ஓட்டை விழுந்த வாளி" என்பது "எ பக்கெட் வித் எ ஹோல்" ஆகிவிடும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு மாணவி எழுதுகிறாள்: "த மண்டோர் கேவ் எ பக்கெட் டு த பாய் வித் எ ஹோல்." ஓட்டை இப்போது யாரிடம்? பையனிடம்! "த மண்டோர் கேவ் த பாய் எ பக்கெட் வித் எ ஹோல்" என்று எழுதினால் ஓட்டை வாளிக்கே திரும்பிவிடும்.

அடுத்த வாக்கியம்: "வாக்கிங் டு ஸ்கூல், எ ஸ்நேக் பிட் மை பிரதர்." பள்ளிக்கு நடந்து போனது யார்? எழுதியவன் தம்பியை நினைத்தான். வாக்கியமோ பாம்பைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டது. நம் "நடந்துபோய்" என்ற வினையெச்சத்தை நினைத்துப் பாருங்கள். "நடந்துபோய்த் தம்பி கடை திறந்தான்" என்றால் நடந்தவனும் திறந்தவனும் ஒருவனே. ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் "வாக்கிங்" என்பதும் அப்படித்தான். கால்புள்ளிக்குப் பின் முதலில் வருபவரே நடந்தவர். ஆகவே, "வைல் மை பிரதர் வாஸ் வாக்கிங் டு ஸ்கூல், எ ஸ்நேக் பிட் ஹிம்" என்று எழுதுவதே தெளிவு.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறுகள். சிரிக்க முடியாத தவறும் உண்டு.

பால்மரம் சீவும் ஒரு தாயார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் தம் நிரையில் ஏறக்குறைய எல்லா மரங்களையும் சீவி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சம்பளத்தில் அந்த நாள் விடுபட்டுப் போயிற்று. மகளிடம் சொல்லி நிர்வாகிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்கிறார். மகள் எழுதுகிறாள்: "ஐ ஆல்மோஸ்ட் டாப்ட் ஆல் மை ட்ரீஸ்." இதை, "சீவும் அளவுக்கு வந்தேன், ஆனால் சீவவில்லை" என்று படிக்கவும் இடமிருக்கிறது. "ஐ டாப்ட் ஆல்மோஸ்ட் ஆல் மை ட்ரீஸ்" என்று எழுதியிருந்தால் வேறு பொருளுக்கு இடமே இல்லை. ஒரு சொல் இடம் தவறினால், ஒரு நாள் உழைப்பே சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

பேசும்போது ஆங்கிலேயரும் இப்படிச் சொல்வதுண்டே என்று கேட்கலாம். உண்மைதான். பேச்சில் குரலின் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும். தாளுக்குக் குரல் இல்லை. கடிதம் அலுவலக மேசைக்குப் போகும்போது, "நான் சொல்ல வந்தது அதுவல்ல ஐயா" என்று விளக்க நாம் கூடப் போவதில்லை.

"ஒன்லி" என்ற சொல்லுக்கும் இதே எச்சரிக்கை. நம் "மட்டும்" தான் சுட்டும் சொல்லுக்குப் பின்னே வரும். "ஒன்லி" பெரும்பாலும் முன்னே வரும். "அம்மா கஞ்சி மட்டும் குடித்தார்" என்பது "மதர் டிரேங்க் ஒன்லி போரிட்ஜ்." "அம்மா மட்டும் கஞ்சி குடித்தார்" என்பது "ஒன்லி மதர் டிரேங்க் போரிட்ஜ்." முதலாவது, அம்மா வேறெதுவும் உண்ணவில்லை என்கிறது. இரண்டாவது, வீட்டில் வேறு யாரும் கஞ்சி குடிக்கவில்லை என்கிறது. நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி இது. எழுதி முடித்ததும் ஒவ்வோர் அடையின் கீழும் கோடிடுங்கள். "இது யாரைப் பற்றியது? எதைப் பற்றியது?" என்று கேளுங்கள். கிடைத்த விடை அதன் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அடையை நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். குட்டை வாக்கியம் குற்றமல்ல.

பெற்றோர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளை எழுதிய கடிதத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொல்ல நினைத்தது வருகிறதா என்று உங்கள் காதே காட்டிவிடும்.

இன்றைய பயிற்சி: "வி சோல்ட் த கவ் டு எ மேன் வித் டூ ஹார்ன்ஸ்." மாட்டை வாங்கிய மனிதர் பாவம், தலையில் இரண்டு கொம்புகளோடு நிற்கிறார். கொம்புகளை மாட்டிடமே சேர்த்துவிடுங்கள்.