கடற் சுற்றுலாவும் கைப்பணமும்



நம் முன்னோர் கப்பல் ஏறியது பெரும்பாலும் பிழைப்பிற்காக. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ‘ராஜுலா’ என்னும் கப்பலை அறியாத குடும்பம் அந்நாளில் கீழ்த்தஞ்சையில் அரிது. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கடலில் உழைத்தது. அதில் சென்றவர் எவரும் பொழுது போக்குவதற்காகச் செல்லவில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர், விடுமுறை வந்தால் ஊருக்குச் செல்வதோடு, ஒரு முறையேனும் கப்பலில் நான்கு நாள் உலாவி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை தவறன்று. ஆயினும், பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் நான்கே நாட்களில் எவ்வழியாகச் செலவாகிறது என்பதை முன்னதாகவே தெரிந்துகொள்ளுதல் நலம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இத்தொழில் பிறந்த கதையிலேயே அதன் இரகசியம் அடங்கியிருக்கிறது. 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெர்மானியக் கப்பல் கம்பெனி ஒன்றின் நிர்வாகியான ஆல்பர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கப் போதிய பிரயாணிகள் கிடைக்காமையால், ‘அகஸ்டா விக்டோரியா’ என்னும் பெருங் கப்பலை 241 பேருடன் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். சும்மா நிற்கும் கப்பலுக்கும் செலவு உண்டு என்பதே அவர் கண்ட உண்மை. கப்பல் புறப்பட்டுவிட்டால் எரிபொருளும் மாலுமிகளின் சம்பளமும் துறைமுகக் கட்டணமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். காலியாகச் செல்லும் அறையோ ஒரு காசும் ஈட்டித் தராது. ஆகவே, அறைகளை எவ்விலைக்கேனும் நிரப்பிவிடுதல், நிரம்பியபின் உள்ளே இருப்பவரிடமிருந்து மீதியை ஈட்டிக்கொள்ளுதல் என்னும் இரண்டு கால்களில் இன்றைய கடற் சுற்றுலா நடக்கிறது. மது, சூதாட்டக் கூடம், புகைப்படம், நீராவிக் குளியல், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு ஆகிய எல்லாம் அந்த இரண்டாவது காலைச் சேர்ந்தவை.

கட்டணக் குறைப்பு என்பது நமக்குப் புதியதன்று. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, எதிரிக் கம்பெனி கட்டணத்தை மேலும் மேலும் குறைத்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் குடை ஒன்று கொடுப்பதாகவும் ஆசை காட்டியது என்பதை நாம் படித்திருக்கிறோம். அங்கே மலிவின் நோக்கம் போட்டியாளனை வீழ்த்துவது. இங்கே அதன் நோக்கம் நம்மை உள்ளே வரவழைப்பது. நோக்கம் வேறாயினும், மலிவாகத் தரப்படும் பொருளுக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் இரண்டிடத்தும் வேண்டும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலால், விளம்பரங்களின் சொற்களை நிறுத்திப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ‘400 டாலர் முதல்’ என்று ஒரு விளம்பரம் கூறும்போது, அதில் உயிர்நிலையான சொல் 400 அன்று, ‘முதல்’ என்பதே. சன்னல் இல்லாத உள் அறைக்கு, கூட்டம் குறைந்த ஒரு வாரத்தில், ஓர் அறையில் இருவர் தங்கினால், ஒருவருக்கு ஆகும் தொகை என்பது அதன் விரிவுரை. தனியாகச் செல்பவர் பல கம்பெனிகளில் இருவர் கட்டணத்தையும் தாமே செலுத்த நேரும். அதே அறையில் மூன்றாமவராகவும் நான்காமவராகவும் தங்குவோர்க்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. குழந்தைகளுடன் செல்வோர் இதனை மறவாது கேட்டல் வேண்டும்.

இனி, கட்டணத்தில் அடங்குவன எவை, அடங்காதன எவை என்று காண்போம். அறை, பொது உணவுச் சாலைகளில் மூன்று வேளை உணவு, மாலைக் கலை நிகழ்ச்சிகள், நீச்சற் குளம் ஆகியவை பொதுவாக அடங்கும். துறைமுக வரிகள் சில இடங்களில் அடங்கும், சில இடங்களில் தனி. அடங்காதவற்றில் முதன்மையானது சேவைக் கட்டணம். அண்மைக் காலத்தில் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் சாதாரண அறைகளுக்கு ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை வசூலிக்கின்றன. விருப்பம் போல் கொடுக்கும் இனாம் என்று இதனைக் கருதிவிடக் கூடாது. நாம் ஒன்றும் சொல்லாவிடினும் அது நம் கணக்கில் ஏறிவிடும், குழந்தைக்கும் உண்டு. மது, குளிர்பானம், உயர்தரக் காப்பி முதலியவற்றுக்கு விலையோடு 18 அல்லது 20 விழுக்காடு மேற்கட்டணமும் சேரும். இணையத் தொடர்பு, தனிச் சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா, மருத்துவர் ஆகியவற்றுக்கு வெவ்வேறு பில்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. கணவன், மனைவி, இரு குழந்தைகள், நான்கு இரவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற் கம்பெனி பெரியவருக்கு 400, குழந்தைக்கு 200 டாலர் கேட்கிறது. மொத்தம் 1,200. துறைமுக வரி ஆளுக்கு 100 வீதம் 400. சேவைக் கட்டணம் நாளொன்றுக்கு ஆளுக்கு 18 வீதம் 288. ஒரு கருவிக்கு மட்டும் இணையம் 80. ஆளுக்கு 60 வீதம் ஒரு கரைச் சுற்றுலாவுக்கு 240. காப்பி, குளிர்பான வகையில் 100, அதன்மேல் 18. கூட்டினால் 2,326 ஆகிறது. விளம்பரத்தில் கண்ட தொகை ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. இரண்டாவது கம்பெனி பெரியவருக்கு 500, குழந்தைக்கு 300 என்று 1,600 டாலர் கேட்கிறது. ஆனால் வரியும் சேவைக் கட்டணமும் இணையமும் அதிலேயே அடக்கம். கரைச் சுற்றுலாவும் பானங்களும் முன்போலவே என்றால் மொத்தம் 1,958. அதிக விலை சொன்னவரே 368 டாலர் மலிவானவர்! ஆகையால் இரு கம்பெனிகளை ஒப்பிடும்போது, எல்லாச் செலவையும் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையாலும் இரவுகளின் எண்ணிக்கையாலும் வகுத்து, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கண்டறிந்து அதனையே ஒப்பிடுங்கள்.

இதனால், எல்லாம் அடங்கிய கட்டணமே எப்போதும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. 2015-இல் கடற் பயணத்தில் இறங்கிய ‘வைக்கிங்’ கம்பெனி இணையத்தையும், துறைமுகந்தோறும் ஒரு கரைச் சுற்றுலாவையும், உணவோடு பருகும் மதுவையும் கட்டணத்தில் சேர்த்தே வாங்குகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரை அது ஏற்றுவதில்லை. மதுவைத் தொடாத நம் குடும்பங்கள், பிறர் பருகும் மதுவுக்கும் சேர்த்துப் பணம் செலுத்துவானேன்? பான ஏற்பாடு என்னும் பெயரில் முன்பணமாகப் பெறும் திட்டங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. நாம் உண்மையில் என்ன உண்போம், என்ன பருகுவோம் என்பதே அளவுகோல்.

நம்மவர்க்கு எளிதில் எட்டக்கூடிய துறைகள் இரண்டு. ஒன்று மும்பை. 2021 செப்டம்பர் முதல் ‘கார்டீலியா’ கம்பெனியின் ‘எம்பிரஸ்’ கப்பல் அங்கிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு ஆகிய இடங்களுக்குச் செல்லத் தொடங்கியது. உள்நாட்டுப் பயணமாயின் பாஸ்போர்ட், விசா, டாலர் ஆகிய மூன்று கவலைகளும் இல்லை; சைவ உணவுக்கும் குறைவில்லை. மற்றொன்று சிங்கப்பூர். 2022 முதல் ‘கெண்டிங் டிரீம்’ அங்கிருந்து குறும் பயணங்கள் செல்கிறது; ‘ராயல் கரீபியன்’ கம்பெனியின் பெருங் கப்பல்களும் பருவந்தோறும் வந்து போகின்றன. அவற்றிற்குக் கப்பற் கட்டணத்தோடு விமானக் கட்டணம், விசாக் கட்டணம், கப்பல் புறப்படுவதற்கு முன் ஓர் இரவு தங்கும் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டு வேற்று நாட்டுக்குச் சென்று திரும்புவதால், விசா மறுமுறை நுழையவும் செல்லுமா என்று உறுதி செய்துகொள்ளல் அவசியம்.

கடலின்பமே போதும், ஆடம்பரம் வேண்டா என்போர்க்கு வேறு வழியும் உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசாங்கப் பிரயாணிக் கப்பல்கள் ஏறத்தாழ மூன்று நாளில் செல்கின்றன. அவை போக்குவரத்துக்கு உரியவை; ஆடல் பாடலை அவற்றில் எதிர்பார்க்கலாகாது. ஆனால் சூரியோதயம் எக்கப்பலிலும் ஒன்றே. அதற்குத் தனிக் கட்டணம் எவரும் கேட்பதில்லை.

கப்பலின் தரத்தை அறிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கப்பல்களுக்குக் கூறப்படும் மொத்த டன் என்பது எடையன்று, உள்ளிடத்தின் கொள்ளளவு. அதனைப் பிரயாணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது விளங்கும். 1990-இல் கட்டப்பெற்ற ‘எம்பிரஸ்’ 48,000 டன்னுக்குச் சற்று மேல், அறைக்கு இருவர் வீதம் சுமார் 1,600 பேர், விகிதம் 30. 2024-இல் கடலில் இறங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 2,48,663 டன், அதே கணக்கில் 5,610 பேர், விகிதம் 44. எண் பெருகப் பெருக நெரிசல் குறையும். ஆனால் பெருங் கப்பலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கும் தூரமும் பெருகும். வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் செல்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில், மின்தூக்கிக்கு அருகில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

மருத்துவச் செலவையும் காப்பீட்டையும் பற்றி ஒரு சொல். வெளிநாட்டுக் கப்பலில் மருத்துவர் பார்ப்பதற்கே டாலரில் கட்டணம். நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் ஆகும் தொகையைச் சாதாரணக் குடும்பம் தாங்காது. ஆதலின், கப்பற் பயணம் அடங்கும் என்று எழுத்தில் உள்ள காப்பீட்டைப் பெறாமல் புறப்படலாகாது. கப்பல் ஏறியதும் நடத்தும் பாதுகாப்புப் பயிற்சியையும் தவிர்க்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதியபோது 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பிரயாணிகளில் நூற்றுக்கணக்கானோர்க்குப் பயிற்சி நடைபெற்றிருக்கவில்லை. அதன் பின்னரே, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தவேண்டும் என்ற விதி உலக அளவில் வந்தது.

ஒப்பந்தத்தின் சிற்றெழுத்துகளையும் படியுங்கள். காற்று மழையை முன்னிட்டு ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிடக் கம்பெனிக்குப் பெரும்பாலும் உரிமை உண்டு. படகில் இறங்கிக் கரை சேரவேண்டிய தீவுகளில் இது அடிக்கடி நேரும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க, இரத்துச் செய்தால் திரும்பக் கிடைக்கும் பணம் குறையும். 2019-இல் மும்பையில் தொடங்கிய ‘ஜலேஷ்’ கம்பெனி அடுத்த ஆண்டே மூடப்பட்டது. முன்பணம் செலுத்துமுன் இத்தகைய நிலைக்கும் இடம் வைத்துச் சிந்திக்க வேண்டும். கடன் வாங்கிச் செல்லும் உல்லாசம் உல்லாசமன்று.

கப்பலுக்குள் காசு கைமாறுவதில்லை. அறைச் சாவியான அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறும். காசு கண்ணிற் படாததால் செலவும் மனத்திற் படாது. எனவே நாள்தோறும் இரவில் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் இறங்குமுன் சொன்னால்தான் திருத்துவார்கள். பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை விமான நிலையில் வைத்துவிடுங்கள். கப்பலின் விண்கோள் இணைப்பு தானாகவே பற்றிக்கொண்டால் ஓர் அழைப்பே பெருந்தொகையாகும்.

இவ்வளவும் கூறியது அச்சுறுத்துவதற்கு அன்று. வாழ்நாளெல்லாம் சிக்கனமாக இருந்து பழகிய தாய், கப்பலில் ஒரு குவளைத் தேநீர் கேட்கவும் ‘இதற்குத் தனிக் காசோ?’ என்று தயங்கி நிற்பாராயின், அவரை அழைத்துச் சென்ற மகனின் பணம் முழுவதும் வீணே. எது அடக்கம், எது தனி என்பதை வீட்டிலேயே கணக்கிட்டு, அதற்குரிய தொகையை ஒதுக்கி வைத்து, ‘அம்மா, எல்லாம் கொடுத்தாயிற்று, வேண்டியதைக் கேளுங்கள்’ என்று சொல்லக்கூடிய நிலையில் கப்பல் ஏறுங்கள். கணக்கைக் கரையிலேயே முடித்தவர்க்குக் கடலில் கவலை இல்லை.