உலைக்குப் போகுமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள்



காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் நடந்தால் பட்டு ஜவுளிக்கடைகளுக்கு நடுவே இன்னொரு வகைப் பலகையும் கண்ணில் படும். "பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்" என்று எழுதியிருக்கும். என் பாட்டியின் கூறைப்புடவை அப்படி ஒரு கடைக்குத்தான் போனது. சிறுவயதில் அம்மாவோடு நானும் போயிருந்தேன். கடைக்காரர் கரையிலிருந்து ஒரு ஜரிகை இழையை உருவினார், கல்லில் உரசினார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்ததும் தலையசைத்து, புடவையைத் தராசில் போட்டார், ஒரு தொகை சொன்னார். வீட்டில் பணமுடை. அம்மா வாங்கிக்கொண்டாள்.

அரக்கு உடல், பச்சைக் கரை. இவ்வளவுதான் நினைவிருக்கிறது. கரையில் ஓடியது இருதலைப்பட்சியா, யாளியா, மயிலா? அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விற்கும்முன் அதை ஒருமுறை விரித்துப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கடைக்குப் போன புடவை என்ன ஆகும்? காஞ்சிப் பட்டின் அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குமேல் தங்க முலாம் ஏற்றியது. ஜரிகையை எரித்து, சாம்பலை உருக்கினால் வெள்ளி மிஞ்சும். அந்த வெள்ளிக்காகத்தான் புடவையை எடை போடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் கல்யாண நாள், ஒரு நெசவாளியின் பல நாள் உழைப்பு, ஒரு தலைமுறையின் நிற ரசனை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு சிறு வெள்ளி உருண்டையாகிவிடுகிறது.

பழைய உடையை அழிக்காமல் காப்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் பாட் ராப்பனாவ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 2020-இல் நீச்சல் உடைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1946-இல் பாரிசில் லூயி ரேயார் என்பவர் பிகினியை அறிமுகம் செய்தார். அதற்கு முந்தைய காலத்து உடைகளிலிருந்து பிந்தைய உடைகள்வரை தேடிச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குளத்திலும் கடலிலும் குளிக்கப் போட்டுக்கொண்ட உடைதான். ஆனாலும் ஒரு காலத்துப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குத் தயங்கினார்கள், எதை மீறினார்கள் என்பதெல்லாம் அந்தத் துணியில் பதிந்திருக்கிறது என்று அந்த ஊர் நம்புகிறது. குளிக்கும் உடைக்கே அந்த மரியாதை என்றால், தாலி ஏறும்போது உடுத்திய புடவைக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்?

காப்பதும் காட்டுவதும் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்திமரத்துப் பெருமாளான அத்திவரதர் ஒவ்வொரு முறையும் 40 ஆண்டு காலம் இருக்கிறார். 1979-இல் வெளியே வந்தார். பிறகு 2019-இல் வந்தார். 48 நாள் தரிசனம். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நிறப் பட்டு. லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அந்த அத்திமரச் சிலையை நீருக்குள் பத்திரமாக வைத்து, நாள் பார்த்து எடுத்து, எல்லோருக்கும் காட்டி, திரும்பவும் உள்ளே வைக்கத் தெரிந்த ஊர் இது. அந்தப் பொறுமையில் கொஞ்சம் நம் வீட்டு அலமாரிக்கும் வரட்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

பழைய காஞ்சிப் புடவை ஒன்றைக் கையில் எடுத்தால் என்னவெல்லாம் பார்க்கலாம்?

முதலில் நீளம். பதினெட்டு முழமாக இருந்தால் அது மடிசார் கட்டிய தலைமுறையின் புடவை. அடுத்து கரையும் உடலும் சேரும் இடம். புடவையைத் திருப்பிப் போட்டு விரலால் தடவுங்கள். அங்கே சிறு மேடு தட்டுப்பட்டால் அது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு நிற நூலையும் ஒன்றோடொன்று கோத்து நெய்வது. உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்வது இதனால்தான். கோர்வை கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கினால் அது ரேக்கு.

பிறகு உருவங்கள். துளையிட்ட அட்டையைக் கொண்டு இழைகளை எழுப்பும் ஜக்கார்டு பெட்டி பரவலாவதற்கு முன் உருவத்தைத் தறியிலேயே நூலால் கட்டிவைப்பார்கள். அதற்கு அடை என்று பெயர். எந்த இழை எப்போது எழும்பவேண்டும் என்ற கணக்கு முழுவதும் அந்த முடிச்சுகளில் இருக்கும். அடை கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர்கள் கட்டிய கணக்குக்குப் பல இடங்களில் புடவை ஒன்றுதான் சாட்சி. ருத்ராட்சம், தாழம்பூ, மயில்கண், குயில்கண், வங்கி, மல்லிமொக்கு, வைரஊசி, கொட்டடிக்கட்டம் என்று எத்தனை பெயர்கள்! கோயில் தூணில் பார்த்ததையும் தோட்டத்தில் பார்த்ததையும் நகையில் பார்த்ததையும் தறியில் ஏற்றியிருக்கிறார்கள்.

நிறங்களையும் பாருங்கள். மாம்பழம், மயில்கழுத்து, மாந்துளிர், கத்தரிப்பூ, வெங்காயத்தாள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே ஒரு நீலம் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கோர்வை நெய்ய எதிர்ப்பக்கத்து நாடாவை ஓட்ட ஒரு துணையாள் தேவை. நெடுங்காலம் அந்தத் துணையாள் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதுக் குழந்தைதான். முன்பணக் கடனுக்காகத் தறிக்குழிக்கு வந்தவர்கள் பலர். அந்த வழக்கத்தை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. பழைய புடவையைப் போற்றும்போது அந்தக் குழந்தையின் கையையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பெருமையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு வலியை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான்.

பழைய புடவையைச் சேர்த்துவைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் சென்னையில் தாம் நிறுவிய கலாக்ஷேத்திராவில் 1937-இல் நெசவுக்கூடம் தொடங்கினார். பழைய புடவைகளின் கரையையும் நிறச் சேர்க்கையையும் மாதிரியாக வைத்து நெய்யச் செய்தார். கலாக்ஷேத்திராப் புடவை என்று இன்றும் சொல்கிறோமே, அதன் வேர் வீட்டுப் பெட்டிகளில் இருந்த பழம்புடவை. பெங்களூரில் சிமி நஞ்சப்பாவும் அவர் மகள் பவித்ரா முத்தையாவும் 1974-இல் விமோர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கோயிலில் அம்மனுக்குச் சாத்தி, பிறகு ஏலத்துக்கு வந்த பழைய புடவைகளைப் பார்த்து, அந்த மாதிரிகளை மறுபடியும் நெசவாளர்களிடம் கொடுத்து நெய்ய வைத்தார்கள். இன்று அவர்களுடைய சேகரிப்பு ஓர் அருங்காட்சியகமாகவே வளர்ந்திருக்கிறது. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தினர் 1949-இல் அமைத்த காலிகோ அருங்காட்சியகம் துணிகளுக்கென்றே இருப்பது. 

சேர்த்துவைத்த புடவை மறுபடியும் தறிக்குப் போகமுடியும். எரித்த புடவை போகமுடியாது. காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பெயரைத்தான் காக்கும். மாதிரியைக் காக்கவேண்டியவர்கள் நாம்.

எப்படிக் காப்பது? பெரிய செலவு எதுவும் இல்லை. கஞ்சி போடாமல் நன்றாக அலசி உலர்த்திய பழைய பருத்தி வேட்டியில் புடவையைச் சுற்றிவையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், பிளாஸ்டிக் உறை வேண்டாம், ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். காற்றில் உள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். பூச்சி உருண்டையோ செண்டோ ஜரிகையின்மேல் நேராகப் படக்கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் பிரித்து, வேறு மடிப்பாக மடியுங்கள். ஒரே மடிப்பில் பல வருடம் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே ஒடியும். கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் புடவையின் எடையே அதைக் கிழித்துவிடும்.

துணியைக் காத்தால் மட்டும் போதாது. ஒரு சிறு அட்டையில் எழுதிவையுங்கள். யாருடைய புடவை, எந்தக் கல்யாணம், எந்த வருடம், எந்த ஊரில் வாங்கியது, என்ன விலை, நெய்தவர் பெயர் தெரிந்தால் அதுவும். பழைய ரசீது கிடைத்தால் கூடவே வையுங்கள். கதை தெரியாத புடவை வெறும் பட்டாகப் போய்விடும். பாட்டியும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுவதற்கு அருங்காட்சியகத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தமிழ் வீடுகளுக்கென்று ஒரு கண்காட்சி வருடம் தவறாமல் வருகிறது. அதுதான் கொலு. வருகிற நவராத்திரியில் படிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் வெள்ளைத்துணி விரித்து, அதன்மேல் பாட்டியின் புடவையை வெயில் படாமல், விளக்குச் சூடு தாக்காமல் வையுங்கள். எழுதிய அட்டையையும் பக்கத்தில் வையுங்கள். சுண்டல் வாங்க வருகிற குழந்தைகள் கோர்வையைத் தொட்டுப் பார்க்கட்டும். தெருவில் ஒரு நெசவாளி இருந்தால் அவரை அழைத்து வாருங்கள். அதைப் பார்த்து நெய்யக்கூடிய கை அவருடையது.

பணத்துக்கு வழியில்லாமல் விற்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் அம்மாவும் அப்படித்தான் விற்றாள். விற்கவே வேண்டி வந்தாலும் அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புடவையைக் கூடத்தில் முழுவதுமாக விரியுங்கள். முந்தானை, கரை, உடல், பின்பக்கம் என்று நான்கு படம் எடுங்கள். கரையில் என்ன உருவம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.