சித்திரக் கதையும் சிறுவர் வாசிப்பும்



சிறுவர் கையிலுள்ள நூலைக் கண்டு பெரியோர் கவலை கொள்வது புதியதொன்றன்று. நாவல் படிக்கும் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஒரு காலத்திற் கூறினர்; பின்னர்ச் சினிமாவைப் பற்றியும் அவ்வாறே கூறினர். இன்று அக்கவலை சித்திரக் கதைகளின் மேலும், சிறப்பாக யப்பானிலிருந்து வரும் ‘மங்கா’ நூல்களின் மேலும் விழுந்திருக்கின்றது. பிள்ளை படம் பார்க்கின்றதேயன்றி நூலைப் படிக்கின்றதில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. அப்படங்களிற் கொடுமையும் இரத்தமும் மலிந்துள்ளன என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் மங்கா என்பது யாது என அறிதல் நன்று. ஹொக்குசாய் என்னும் யப்பானிய ஓவியர் 1814ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய வரைபடத் தொகுதிகள் இப்பெயரைத் தாங்கியிருந்தன. ஆயினும் அவை கதைகளல்ல. இன்றைய கதை மங்காவுக்கு வழிவகுத்தவருள் முதன்மையானவர் ஒசாமு தெசுக்கா. 1928இற் பிறந்து 1989இல் மறைந்த இவர் மருத்துவம் பயின்றவர். 1947இல் வெளிவந்த ‘புதிய புதையல் தீவு’ என்னும் நூலில், சினிமாப் படக் கருவி நகர்வது போலக் காட்சிக்குப் பின் காட்சியாகக் கதையை நடத்திச் செல்லும் முறையை இவர் கையாண்டார். அம்முறையைக் கண்டு வளர்ந்த சிறுவர் பலர் பிற்காலத்திற் சித்திரக் கதை ஆசிரியராயினர். சிறுவர்க்கான வாரப் பத்திரிகையாகிய ‘சோனென் ஜம்ப்’ 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஒரு வாரத்துக்கு 65 இலட்சம் பிரதிகளை எட்டியது.

இங்கே பெற்றோர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. யப்பானில் இந்நூல்கள் வயதுக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. ‘சோனென்’ என்பது ஆண் சிறுவர்க்கு உரியது. ‘சோஜோ’ என்பது பெண் சிறுமியர்க்கு உரியது. ‘செய்னென்’ என்பது வளர்ந்த ஆடவர்க்கு உரியது. படம் இருப்பதனாலேயே அது குழந்தைகள் புத்தகம் என்று எண்ணி, வளர்ந்தோர்க்கென எழுதியதைப் பத்து வயதுப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டுப் பின்னர் மங்கா முழுவதையும் பழிப்பது நியாயமன்று.

இனி, படம் பார்த்தல் வாசிப்பாகுமா என்ற வினாவுக்கு வருவோம். சித்திரக் கதையின் உயிர் படத்தில் மட்டுமன்று, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையேயுள்ள வெற்றிடத்திலும் இருக்கின்றது. இக்கருத்தை ஸ்கொட் மக்கிளவுட் என்னும் அமெரிக்கச் சித்திரக் கதையாசிரியர் 1993இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார். ஒரு கட்டத்தில் ஒரு தாய் வாயிலில் நின்று வழியைப் பார்க்கின்றாள். அடுத்த கட்டத்தில் விளக்கு அணைந்திருக்கின்றது. இடையே எத்தனை நாழிகை கழிந்தது, அவள் என்ன எண்ணினாள், எதிர்பார்த்தவன் வந்தானா என்பவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை. அவற்றை வாசிக்கும் பிள்ளையே தன் உள்ளத்தில் நிரப்பிக்கொள்கின்றது. இது சோம்பேறியின் தொழிலன்று.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. நீண்ட வாக்கியத்தின் போக்கைப் பற்றிச் செல்லுதல், ஒரு வாதத்தின் படிகளைத் தொடர்தல், காட்டப்படாத முகத்தைச் சொல்லினால் மட்டும் மனத்தில் எழுப்புதல் ஆகிய பயிற்சிகளை உரைநடையும் செய்யுளுமே தரவல்லன. ஆகவே சித்திரக் கதை மற்றைய நூல்களோடு கூட இருக்கவேண்டியது. அவற்றின் இடத்தைக் கவர்ந்துகொள்ள வேண்டியதன்று. இவ்வெல்லைக்குள் அது உயர்ந்த இலக்கியமாதலும் கூடும். யூதர் படுகொலையிலிருந்து தப்பிய தம் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் ‘மௌஸ்’ என்னும் நூலாக வரைந்தார். அதற்கு 1992இற் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. அமெரிக்காவிற் சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் நியூபெரி விருதை, 2020இல் ஜெரி கிராஃப்ட் எழுதி வரைந்த ‘நியூ கிட்’ பெற்றது. சித்திரக் கதை நூலொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

இரண்டாவது குற்றச்சாட்டு இதனிலும் பாரதூரமானது. 1954இல் அமெரிக்க மனநோய் மருத்துவராகிய பிரெட்ரிக் வெர்தம், சித்திரக் கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டே அந்நாட்டின் மேற்சபைக் குழுவொன்று இதனை விசாரித்தது. வெளியீட்டாளர் அஞ்சித் தமக்குத் தாமே கடுமையான ஒழுங்குக் கோவையொன்றை வகுத்துக்கொண்டனர். 1955இற் பிரித்தானியாவும் தீங்கு பயக்கும் சிறுவர் வெளியீடுகளைத் தடுக்கச் சட்டமியற்றியது. வெர்தம் விட்டுச்சென்ற ஏடுகளைக் கரோல் டில்லி என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து, அவர் தம் கருத்துக்கு இசையுமாறு சிறுவர் கூறியவற்றை மாற்றியும் திரித்தும் எழுதியிருந்தார் என்பதை 2012இல் வெளியிட்டார். சிறுவர் மீது வெர்தம் கொண்ட கரிசனை பொய்யாயிருக்க வேண்டுவதில்லை. கரிசனை எவ்வளவு மெய்யாயினும் சான்று நேர்மையானதாயிருத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் படிப்பினை.

கொடுமையைக் காட்டும் நூல்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. இதற்கு ‘வெறுங்கால் கென்’ என்னும் மங்காவைப் போல் ஏற்ற உதாரணம் வேறில்லை. இதனை ஆக்கிய கெய்ஜி நக்கசாவா 1939இல் ஹிரோஷிமா நகரிற் பிறந்தவர். 1945 ஓகஸ்ட் 6ஆம் தேதி காலை அணுகுண்டு வீழ்ந்தபோது ஆறு வயதுச் சிறுவர். பாடசாலையின் கொங்கிறீற்று மதில் மறைத்தமையால் அவர் உயிர் தப்பினார். தந்தையும் தமக்கையும் தம்பியும் மாண்டனர். அன்றே தாய் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தையும் நெடுநாள் வாழவில்லை. 1966இற் தாய் இறந்து உடல் எரியூட்டப்பட்டபின், யப்பானிய வழக்கப்படி எடுத்து வைப்பதற்கு எலும்புகள் மிஞ்சவில்லை, வெண்சாம்பலே மிஞ்சியது. கதிர்வீச்சு தாயின் எலும்பையும் உண்டுவிட்டது என்று மகன் உணர்ந்தார். அதுவரை அணுகுண்டைப் பற்றி வரையாதிருந்த அவர், அதன்பின் அதனையே வரையத் தலைப்பட்டார்.

1973இல் ‘சோனென் ஜம்ப்’ பத்திரிகையில் ‘வெறுங்கால் கென்’ தொடங்கியது. அதாவது, அது சிறுவர்க்கென்றே எழுதப்பட்டது. கதைத் தலைவனாகிய கென் இரண்டாம் வகுப்புச் சிறுவன். அவன் தந்தை போரை வெறுப்பவர். அதனால் அயலவர் அக்குடும்பத்தைத் தேசத் துரோகிகள் என்று தூற்றுகின்றனர். மிதிபட மிதிபட வலிமை பெற்று நிமிரும் கோதுமைப் பயிரைத் தந்தை பிள்ளைகளுக்கு உவமையாக்கிக் காட்டுகின்றார். பின்னர்க் குண்டு விழுகின்றது. தோல் உரிந்து தொங்க நடக்கும் மனிதரையும், இடிந்த வீட்டின் கீழ் அகப்பட்டு உயிரோடு எரிவோரையும் ஆசிரியர் மறைக்காது வரைகின்றார். பிற்பாகங்களில் யப்பானியப் படையினர் அயல் நாடுகளிற் செய்த கொடுமைகளையும் அவர் மறைக்கவில்லை. தன் நாடு பட்ட துன்பத்தோடு, தன் நாடு செய்த துன்பத்தையும் கூறியமையே இந்நூலின் நேர்மை.

அந்நேர்மையே அதற்கு இடையூறும் ஆயிற்று. 2012 டிசெம்பரில் மட்சுயே நகரக் கல்விச் சபையின் அலுவலகம், மாணவர் தாமாக எடுத்துப் படிக்கவியலாதவாறு இந்நூலை வைக்குமாறு பாடசாலைகளைக் கேட்டது. சில காட்சிகள் மிகக் கொடூரமானவை என்பதே கூறப்பட்ட காரணம். 2013 ஓகஸ்டில் இச்செய்தி வெளிப்பட்டதும் நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. சபை உறுப்பினரைக் கலந்தாலோசியாமல் அலுவலகத்தாரே முடிவு செய்தமை பிழையெனக் கண்டு, அம்மாதமே அவ்வேண்டுகோளைச் சபை திரும்பப் பெற்றது. எனினும் விவகாரம் அங்கு முடியவில்லை. 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்விச் சபை, தனது சமாதானக் கல்விப் பாட நூலிலிருந்து இக்கதையின் பகுதிகளை நீக்கத் தீர்மானித்தது. நோயுற்ற தாய்க்காகக் கென் பிறர் குளத்தில் மீன் திருடும் காட்சி நீக்கப்பட்டவற்றுள் ஒன்று. அக்காலச் சூழலை இன்றைய பிள்ளைகளுக்குக் குறுகிய பாட நேரத்துள் விளக்குதல் அரிது என்றனர்.

விளக்குதல் அரிது என்பது உண்மையே. ஆனால் ஆசிரியர் என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது எளியதை விளக்குவதற்காகவா? தாயின் பசிக்காக ஒரு சிறுவன் திருடுவது சரியா, பிழையா என்று ஒரு வகுப்பு ஒரு மணி நேரம் வாதிடுமாயின், அதனினும் சிறந்த ஒழுக்கப் பாடம் எது? கொடுமையை இன்பப் பொருளாக்கி, அடிப்பவனைப் போற்றி, அடிபடுபவனை மறக்கச் செய்யும் நூல் தீயது. கொடுமையை அடிபட்டவனின் கண்ணாற் காட்டி, இது மீண்டும் நிகழலாகாது என்று பிள்ளையின் உள்ளத்திற் பதிக்கும் நூல் நல்லது. இரண்டிலும் இரத்தம் உண்டு. மையின் சிவப்பை மட்டும் அளந்து பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

மறுபக்க நியாயமும் இல்லாமலில்லை. எட்டு வயதுப் பிள்ளை எரியும் மனிதரின் படத்தைத் தனிமையிற் கண்டு இரவெல்லாம் உறங்காதிருக்கலாம். அப்பிள்ளையின் தாய் முறையிட்டால் அது மூடத்தனமன்று. அம்முறைப்பாட்டுக்கு ஏற்ற விடை அலுமாரிக்குப் பூட்டுப் போடுதல் அன்று. வயதறிந்து கொடுத்தல், கொடுக்கும்போது பக்கத்தில் இருத்தல், படித்தபின் உரையாடுதல் ஆகியவையே விடையாம். பூட்டிய நூலைப் பிள்ளை வேறிடத்திற் பெற்றுத் தனியே படிக்கும். அப்போது கேட்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்.

இவ்வினா யப்பானுக்கு மட்டும் உரியதன்று. இலங்கைப் போரின் இறுதிக் காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் பட்ட பாட்டை, பெஞ்சமின் டிக்ஸ் எழுத லின்சி பொலொக் வரைந்து, ‘வன்னி’ என்னும் ஆங்கிலச் சித்திரக் கதையாக 2019இல் வெளியிட்டனர். அது சிறுவர்க்கான நூலன்று. ஆயினும் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, என்ன நடந்தது என்று ஒருநாள் கேட்பர். அந்நாளில் எந்த நூலை, எந்த வயதில், யார் பக்கத்திலிருக்கப் படிக்கக் கொடுப்பது என்பதை இந்நாட்டுப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணியே ஆகவேண்டும்.

செய்யவேண்டியன சிலவே. பிள்ளைக்கு முன் பெரியவர் நூலைப் படித்தல் வேண்டும். ஒரு மங்காத் தொகுதியைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அட்டையிலுள்ள வயதுக் குறிப்பைப் பார்த்தல் வேண்டும். படித்து முடித்த பிள்ளையிடம், படத்தைக் காட்டாமற் கதையைச் சொல்லும்படி கேட்டல் வேண்டும். கண்டது சொல்லாக மாறும்போது மொழியும் வளரும், உள்ளத்திலுள்ள அச்சமும் வெளிப்படும். பாடசாலை நூலகத்தில் ஒரு தட்டைச் சித்திரக் கதைக்கு ஒதுக்கினால், அதன் அருகிலுள்ள தட்டில் அதே பொருள் பற்றிய உரைநடை நூலையும் வைத்தல் வேண்டும். ஒன்றைத் தேடி வந்த கை மற்றதையும் எடுக்கும்.