பகலில் எரியும் விளக்கு



தைப்பூசத்துக்குச் சுங்கைப்பட்டாணி வரும் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார்கள். நம் நாட்டில் சாலை விபத்தில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டுமென்று 1992-இல் விதி வந்தபோது, "வெயிலில் விளக்கா?" என்று வகுப்பிலேயே சிரித்தவன் நான்.

பிறகொரு நாள் பீடோங் அருகே, பூசைக்கு நேரமாகிறதென்று பொறுமையிழந்து, முன்னால் ஊர்ந்த லோரியை முந்தக் காரை வலப்பக்கம் ஒடித்தேன். எதிரே வண்டி தெரியவில்லை. ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது. சட்டென்று பின்வாங்கினேன். கடந்து போனவன் என் பழைய மாணவன். என்னை அடையாளம் கண்டு தலையசைத்துவிட்டுப் போனான், பாவம்! லோரியின் பின்னாலேயே கோயிலுக்கு வந்தேன். பூசை முடிந்திருந்தது.

விளக்கு எரியாத வண்டி வைத்திருக்கும் தம்பிமார்கள் என்னிடம் வாருங்கள். பல்பு வாங்கித் தருகிறேன்.